சீர்த்தட்டு தூக்கிய டீச்சர்

தனுஷிகா மாலை வகுப்புக்கு வராமல் மூன்று வாரமாகிவிட்டது. அவள் இருக்கும் மேல் லயத்து வரிசை வீடுகளுக்கு ஏறினால் என் முழங்கால் இரண்டு நாளைக்குப் பேசும். மழை வேறு, அட்டைக்கடி வேறு. நாளைக்குப் போவோம், நாளைக்குப் போவோம் என்று தள்ளிப்போட்டேன். முழங்காலைச் சொல்லிக் குற்றமில்லை. போனால் என்ன கேட்க வேண்டியிருக்குமோ என்ற பயம்தான்.

பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மார் முன்பு கைக்குழந்தைகளை விட்டுப்போன பழைய பிள்ளைமடுவத்தில் நடக்கிறது எங்கள் வகுப்பு. கொழும்பில் உள்ள ஒரு நிறுவனம் நடத்துகிறது. அறுபது பிள்ளைகள். பொறுப்புக்குப் பவுலின் டீச்சராகிய நான், கணக்குக்கு ஜீவராஜ் சார். அவ்வளவுதான் பட்டாளம்.

பிள்ளைகளிடம் பெரியவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நிறுவனத்துக்குப் பன்னிரண்டு விதி உண்டு. அட்டன் டவுனில் ஒருநாள் பயிற்சி வைத்து, கடைசியில் கையெழுத்துக் கேட்டார்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் போட்டுக் கொடுத்தேன். சுவரில் ஒட்ட ஒரு தாளும் தந்தார்கள். 'யாராவது உங்கள் மனம் நோக நடந்தால் இவரிடம் சொல்லுங்கள்' என்று எழுதி, கீழே என் பெயரும் போன் நம்பரும். இரண்டு வருஷத்தில் ஒரு பிள்ளைகூட அழைத்ததில்லை. நம் வகுப்பு அவ்வளவு நல்ல வகுப்பு என்று எனக்குப் பெருமை வேறு, கேட்டீர்களா!

வைகாசியில் தனுஷிகா பெரிய பிள்ளையானாள். பதின்மூன்று வயது. அவளுடைய அம்மா நாகலெட்சுமி கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு என்னைத் தேடி வந்தாள்.

"டீச்சர், எந்தம்பிக்கு கட்டார்ல லீவு குடுக்க மாட்டாங்களாம். மாமன் சீர் இல்லாம சடங்கு செஞ்சா லயத்துல என்னா பேசுவாங்கன்னு ஒங்களுக்குத் தெரியும். நம்ம ஜீவராஜ் சார் மாமன் மொறைக்கு நின்னா போதுங்க. சீலை, மாலை எல்லாம் நாங்களே வாங்கிருவோம். நீங்க சொன்னா கேப்பாரு."

சார் தயங்கத்தான் செய்தார். "டீச்சர், ஒரு புள்ளைக்கு மட்டும் தனியா எதுவும் செய்யக்கூடாதுன்னு விதியில இருந்திச்சே?"

"அட போங்க சார்! கொழும்புக்காரங்களுக்கு நம்ம சடங்கப் பத்தி என்னா தெரியும்? புண்ணியமாப் போகும், நில்லுங்க" என்றேன்.

சொன்னது நான். தப்பு மேளச் சத்தத்துக்குப் பின்னால், பழம் வைத்த சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு சாரோடு லயத்துக்கு ஏறியதும் நான். அன்றைக்கு முழங்கால் வலிக்கவேயில்லை. சார் மாலை போட்டார், எல்லோரும் குலவையிட்டார்கள், நானும் சேர்ந்துகொண்டேன். தனுஷிகாவுக்குச் சம்மதமா என்று ஒரு ஆள் கேட்கவில்லை.

தாய்மாமன் என்றால் நம் ஆட்களுக்குச் சீலை எடுத்துக் கொடுப்பவன் மட்டுமா? கட்டிக்கொள்ளும் முறை உள்ளவன். சாருக்கு இருபத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மறுவாரமே பையன்கள் ஆரம்பித்துவிட்டார்கள். சார் உள்ளே நுழைந்தால் "தனு, ஒங்க மாமா வந்துட்டாரு!" என்பார்கள். கரும்பலகையில் இரண்டு பெயரையும் சேர்த்து எழுதினார்கள். சார் ஒரு அதட்டுப் போட்டிருந்தால் அன்றே நின்றிருக்கும். அவரோ விளையாட்டாக எடுத்துக்கொண்டார். "வாங்க மருமகளே, இந்தக் கணக்கப் போடுங்க பாப்போம்" என்பார். வகுப்பே சிரிக்கும். நானும் சிரித்தேன், வெட்கங்கெட்டவள். அவள் தலையைக் குனிந்துகொள்வாள். பிள்ளைக்கு வெட்கம் என்று நினைத்தேன்.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை ஏறினேன். வாசலில் அவளுடைய அப்பா மூக்கன் ஒரு பயணப் பையின் அறுந்த வாரைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சர். புள்ள இனி வராதுங்க. கொழும்புல எந்தங்கச்சி வீட்டுல கைப்புள்ள இருக்கு, பாத்துக்க ஆளில்ல. அங்க விட்டுறலாம்னு இருக்கோம்."

"படிப்பு என்னாகிறது?"

"அதுக்கே புடிக்கலயே. ஏன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குது."

வகுப்பிலேயே கணக்கில் முதலாவது வரும் பிள்ளை. கொழும்பில் அத்தை வீட்டுக் குழந்தைக்குப் பால் கரைக்கப் போகிறாள்.

தனுஷிகா, மலைத் தண்ணீர் விழும் பீலியடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தேன்.

"ஏன்டா வரல? சார் ஏதாச்சும் செஞ்சாரா? பயப்படாமச் சொல்லு."

"சார் ஒண்ணும் செய்யல டீச்சர். அப்புடிக் கூப்புடுறதுதான். எல்லாரும் சிரிக்கிறாங்க. கரும்பலகைக்கு எந்திரிச்சுப் போகவே ஏலல. எனக்கு அந்த மாலையே புடிக்கல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே! அதுக்குத்தானே செவுத்துல நம்பர் ஒட்டியிருக்கு?"

அவள் துணியைப் பிழிவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை. சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"நீங்கதானே டீச்சர் தட்டத் தூக்கிக்கிட்டு வந்தீங்க. பொறகு நான் யாருகிட்ட சொல்றது?"

பீலித் தண்ணீர் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "தப்பு என்னுதுடா, மன்னிச்சுக்க" என்றேன். அவள் அடுத்த துணியை எடுத்து அலசினாள். மூக்கனிடம் இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னேன். பையைப் பார்த்தபடியே தலையாட்டினார்.

அன்று மாலையே கொழும்புக்கு அனுப்பும் முறைப்பாட்டுப் படிவத்தை எடுத்தேன். விதியை மீறியவர் என்ற இடத்தில் முதலில் என் பெயர், அடுத்து ஜீவராஜ். அனுப்புமுன் அவரிடம் காட்டினேன். அவர் முகம் கறுத்துவிட்டது.

"நான் என்ன டீச்சர் தப்பு செஞ்சேன்? நீங்கதானே நிக்கச் சொன்னீங்க!"

"ஆமா சார். அதத்தான் முதல்ல எழுதியிருக்கேன். மருமகளேன்னு கூப்புட்டது நீங்க. சிரிச்சது நான். ரெண்டும் இருக்கு."

அவர் அதற்குப்பிறகு என்னோடு பேசவில்லை. கெட்டவரில்லை, சத்தியமாகக் கெட்டவரில்லை. அதனால்தான் எழுத அவ்வளவு கை கூசியது.

கொழும்பிலிருந்து இருவர் வந்து விசாரித்தார்கள். சாரை ராகலைப் பக்கம் இன்னொரு வகுப்புக்கு மாற்றினார்கள். பிள்ளைகளின் முறைப்பாடு கேட்கும் பொறுப்பை என்னிடமிருந்து எடுத்து, அட்டனில் இருக்கும் ஜெயந்தினி என்பவரிடம் கொடுத்தார்கள். நல்ல மனுசனைத் துரத்திவிட்டாள் என்று கொழுந்து மலையில் பேச்சு. கடையில் இரண்டு பெண்கள் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பினார்கள். பேசட்டும். கணக்குப் பாடமும் இப்போது என் தலையில். வீட்டில் சமைத்துவிட்டு உட்கார்ந்து படிக்கிறேன், பாதிக் கணக்குக்கு விடை வருவதில்லை.

மூக்கனிடம் கேட்ட தவணை முடிந்த இரண்டாவது ஞாயிறு கொழும்பு பஸ் போனது. அதில் அவள் ஏறினாளா என்று விசாரிக்கக்கூட எனக்குத் தைரியமில்லை.

திங்கள் மாலை நான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம். தனுஷிகா. என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். நேரே சுவருக்குப் போனாள். என் பெயரை மறைத்துப் புதிதாக ஒட்டியிருந்த ஜெயந்தினியின் பெயரை நின்று வாசித்தாள். கொப்பியைத் திறந்து கடைசிப் பக்கத்தில் அந்த நம்பரை எழுதினாள். சரிதானா என்று ஒவ்வொரு இலக்கமாக ஒத்துப் பார்த்தாள். பிறகு முன் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

இரண்டு வருஷத்தில் ஒரு பிள்ளை அந்தத் தாளிலிருந்து நம்பர் எழுதியதை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். அது என் நம்பர் இல்லை.