நாற்காலியின் எடை

முதியோர் இல்லத்தில் மாதா மாதம் எடை போடுவார்கள்; டாக்டர் ஆறு மாதத்துக்கு ஒரு தரம்தான் வருவார், இந்த மாத எடை நாள் அவர் வருவதற்கு முந்தின நாள். பின் வராந்தாவில் தரையோடு தரையாக ஒரு எடை மேடை கிடக்கும். நிற்க முடியாதவர்களைச் சக்கர நாற்காலியோடு அதில் ஏற்றி, விழும் எண்ணில் நாற்காலிக்குப் பன்னிரண்டு கிலோவைக் கழித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். மறந்துவிடக் கூடாதென்று சுவரில் 'நாற்காலி – 12' என்று தாளே ஒட்டியிருந்தது. குளிப்பாட்டுவது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் போக இருபத்திரண்டு பேருக்கு இதையும் செய்பவள் ஆயா ஒருத்திதான்.

பதினேழாவதாக ஏறியவர் பெயிண்டர். அங்கே எல்லோருக்கும் அவரவர் பழைய தொழில்தான் பெயர். நாற்பது வருஷம் சாரத்தில் தொங்கிக்கொண்டு யார் யார் வீட்டுக்கோ வெள்ளையடித்த மனிதர். மேடை அறுபத்து மூன்று காட்டியது. பன்னிரண்டு போக ஐம்பத்தொன்று. நாலு மாதத்துக்கு முன் ஐம்பத்திரண்டு. பெரிய வித்தியாசமில்லை என்று ஆயா எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் உட்கார்ந்த இடத்தில் மூத்திரம் போய்விட்டார்.

"மன்னிச்சிரும்மா. அடக்க முடியல."

"விடுங்கய்யா. சொட்டாத பெயிண்டர் எங்க இருக்காரு?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் பல் செட் நழுவி மடியில் விழுந்தது. ஆயா அவரைக் கைத்தாங்கலாகச் சுவரோரப் பெஞ்சுக்கு நகர்த்தி உடை மாற்றிவிட்டு, நாற்காலியைத் துடைக்கத் துணியோடு வந்தாள். அது இன்னும் மேடையின் மேல்தான் நின்றது. மேடை பத்தொன்பது என்று காட்டியது.

ஈரமாக இருக்கும் என்று நன்றாகத் துடைத்தாள். பத்தொன்பது. கீழே இறக்கி மறுபடி ஏற்றினாள். அப்போதும் பத்தொன்பதுதான்.

பழைய அலுமினிய நாற்காலியின் சக்கரம் உடைந்து, யாரோ தானமாகக் கொடுத்த இந்த இரும்பு நாற்காலி வந்து நாலு மாதமாகிறது. நாற்காலி மாறியது, தாள் மாறவில்லை. வந்த முதல் மாதம் நாற்காலியில் ஏறிய எல்லோருக்கும் திடீரென்று எடை கூடியதையும், 'எங்கள் கவனிப்பைப் பாருங்கள்' என்று மேனேஜரம்மா வாசலில் எழுதி ஒட்டியதையும் அவள் நினைத்துப் பார்த்தாள். ஏழு கிலோ இரும்பைச் சதையென்று எழுதியிருக்கிறாள். பெயிண்டர் ஐம்பத்தொன்று இல்லை, நாற்பத்து நாலு. நாலு மாதத்தில் எட்டு கிலோ போயிருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாமலா இருந்தது? ஈறு வற்றிப் பல் செட் ஆடுவதையும், அவர் ரொட்டியை எச்சிலில் ஊறவைத்து விழுங்குவதையும் தினமும் பார்த்தாள். அரை மணிக்குள் தட்டுகள் திரும்ப வேண்டும் என்பது சட்டம். பாதி ரொட்டியோடு தட்டைப் பிடுங்கியதும் அவள் கைதான். கண்ணை நம்பாமல் எண்ணை நம்பியிருக்கிறாள்.

பதிவேட்டோடு அலுவலக அறைக்குப் போனாள். மேனேஜரம்மா அவித்த முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். மேஜையில் ஏற்கெனவே மூன்று முட்டையின் ஓடு கிடந்தது.

"நாற்காலி பத்தொன்பது கிலோம்மா. பெயிண்டர் எட்டு கிலோ இறங்கிட்டாரு. டாக்டர்கிட்ட சொன்னா சத்துக் குறைவுன்னு எழுதி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாரு. இப்படியே விட்டா ரெண்டு மாசம் தாங்க மாட்டாரும்மா."

"அனுப்புவாரு. அப்புறம் மீதி இருபத்தோரு பேரையும் பார்ப்பாரு. அப்புறம் அதிகாரிங்க வந்து சமையல்கட்டைத் திறந்து பார்ப்பாங்க." உதட்டோரம் மஞ்சள் கரு ஒட்டியிருந்தது, அதை நாக்கால் வழித்துக்கொண்டாள். "தப்புன்னா திருத்திட்டாப் போச்சு. புது நோட்டு தர்றேன். ஆறு மாசத்தையும் முதல்லேருந்து எழுது. பெயிண்டருக்கு நாப்பத்து நாலு, நாப்பத்தஞ்சுன்னு மாத்தி மாத்திப் போடு. மத்தவங்களுக்கும் அதே மாதிரிதான்."

"நாற்காலி மாறுறதுக்கு முன்னாடி அவரு ஐம்பத்திரண்டும்மா. அது நிஜம்."

"இப்ப நாப்பத்து நாலுங்கறதும் நிஜம்தானே? எப்பவும் நாப்பத்து நாலுன்னா யாரு கேக்கப்போறா? உன் கையெழுத்துல இருக்கு, நீயே எழுது. தப்பாக் கழிச்சது யாருன்னு நான் வெளியில சொல்லல. நாளையிலேருந்து வரணுமா வேண்டாமான்னு நீயே முடிவு பண்ணிக்கோ."

ஆயா அந்த வாயையும் அந்த முட்டையையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பேனாவை எறிந்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. அறைக்கு வெளியே முக்காலியில் உட்கார்ந்து, இருபத்திரண்டு பேருக்கும் ஆறு மாதத்தை எழுதி முடித்தாள். எழுதிய கையைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் டாக்டர் வந்தார். கட்டிலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெயிண்டரின் முழுக்கைச் சட்டையை அவர் மடித்துப் பார்க்கவில்லை. முகத்தை மட்டும் ஒரு தரம் பார்த்தார்.

"என்ன இவ்வளவு ஒல்லியா இருக்காரு?" பதிவேட்டைப் புரட்டினார். "நாப்பத்து நாலு, நாப்பத்தஞ்சு, நாப்பத்து நாலு. ஓ, உடம்புவாகே இதுதானா. இறங்கியிருந்தாத்தான் யோசிக்கணும்."

"நான் இப்படி இல்லைங்க டாக்டர்," என்றார் பெயிண்டர். "நல்லா இருந்தேன். பேன்ட்டெல்லாம் நிக்கவே மாட்டேங்குது."

"வயசாகுதில்ல பெரியவரே." டாக்டர் ஆயாவைப் பார்த்தார். "நல்லா சாப்பிடறாரா?"

டாக்டருக்குப் பின்னால் மேனேஜரம்மா கைகட்டி நின்றாள். பெயிண்டர் ஆயாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சார்பாகப் பேச அந்த அறையில் வேறு யாரும் இல்லை.

"சாப்பிடறாருங்க," என்றாள் ஆயா.

'எடை சீராக உள்ளது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். பெயிண்டர் தலையைக் குனிந்து தன் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார். நாலு மாதத்துக்கு முன்னால் அவரை நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஆயா பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கினாள். குனிந்து, அது நழுவாதபடி பார்த்துக்கொண்டே, ஒரே தூக்கில் அவரைத் தூக்கிக் கட்டிலில் படுக்க வைத்தாள்.