பேசும் காணிக்கை

எங்கள் எஸ்டேட் மாதா கோயிலில் செபாஸ்டின் அண்ணாச்சி காணிக்கைப் பையை ஒழித்துவிட்டு மெஷினைக் கொண்டுவந்த அன்றே எனக்கு வயிறு எரிந்தது. மெஷின் மேல் எனக்கு ஒரு பகையும் கிடையாது. மிக்ஸி வந்த பிறகு நான் அம்மியைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. பகையெல்லாம் அந்த மனுஷன் மேல்தான்.

அந்தப் பை எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். சிவப்பு வெல்வெட் துணி, மரப்பிடி, ஒரு முழம் ஆழம். பூசையில் காணிக்கைப் பாட்டு தொடங்கியதும் கமிட்டிச் செயலாளரான செபாஸ்டின் அதைப் பிடித்துக்கொண்டு பெஞ்சு பெஞ்சாக வருவார். நாங்கள் கையை மூடி மணிக்கட்டு வரை உள்ளே விட்டு, அங்கேயே விரலைத் திறந்து, வெறுங்கையை வெளியே எடுப்போம். யார் நூறு போட்டது, யார் பத்து போட்டது என்று பக்கத்தில் இருப்பவளுக்குக்கூடத் தெரியாது. மாதாவுக்குத் தெரிந்தால் போதும் என்பதுதான் எங்கள் வழக்கம்.

ஞானஜோதி ஒரு வருஷமாக அந்தப் பைக்குள் எதுவும் போடவில்லை. நானும் அவளும் ஒன்றாகத் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர்கள், லயத்தில் அடுத்தடுத்த வீடு. அவள் வீட்டுக்காரர் அருள்குமார் ஜீப்பிலிருந்து விழுந்து முதுகெலும்பு அடிபட்டுப் படுத்ததிலிருந்து அவள் சம்பளம் மருந்துக்கடையைத் தாண்டி வீடு வந்து சேர்ந்ததில்லை. ஆனாலும் ஞாயிறு தவறாமல் மூடிய கையைப் பைக்குள் விட்டு எடுப்பாள். சும்மா உட்கார்ந்திருந்தால் நாலு தலை திரும்பும். உள்ளே கையைத் திறக்கும்போது அவர் எழுந்து நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதாக என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அதுவும் காணிக்கைதான் என்பேன் நான். இல்லை என்பவர்கள் என்னிடம் சண்டைக்கு வரலாம்.

செபாஸ்டினுக்குக் கணக்கு உதைத்திருக்கிறது. உள்ளே போன கைகளுக்கும் வெளியே கொட்டிய நோட்டுகளுக்கும் பொருந்தவில்லை. எஸ்டேட் முக்கில் மளிகைக்கடை வைத்திருக்கிற ஆள், தராசில் ஒரு கடுகு கூடினாலும் திரும்ப எடுத்துக்கொள்வார். ஆனால் சந்தேகத்தை வெளியே சொல்லவில்லை. பூசை முடிந்ததும் மைக்கைப் பிடித்துக்கொண்டு பாதுகாப்பு, வசதி என்று ஆரம்பித்தார். மலைக்குக் கீழே ஏதோ ஒரு கோயிலில் உண்டியலை உடைத்துவிட்டார்களாம். கிழிந்த நோட்டு, சில்லறைத் தொல்லை எல்லாம் இனி கிடையாதாம். சம்பளம் பேங்கில் விழுவதால் எல்லோர் கையிலும் புதுக் கார்டு இருக்கிறது, அதில் அலை மாதிரி கோடு போட்டிருக்கிறது, ஐயாயிரம் வரைக்கும் ரகசிய நம்பர்கூட அடிக்க வேண்டாம், மெஷினில் தொட்டால் போதும் என்றார். கார்டு தொலைந்துபோனால் கண்டெடுத்தவன் தொட்டாலும் போதுமா என்று நான் எழுந்து கேட்டேன். பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. பூசை வைத்த சாமியார் தரையைப் பார்த்தார். செபாஸ்டின் காது கேட்காதவர்போல அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறே மெஷின் வந்தது. அதற்கு வாய் வேறு இருந்தது. எவ்வளவு என்று செபாஸ்டின் கேட்பார், நாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் தொகையை அடிப்பார், நாம் கார்டைத் தொட வேண்டும். உடனே உள்ளேயிருந்து ஒரு பெண், "நூறு ரூபா லபிச்சு" என்று கிடைத்த தொகையைக் கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி மலையாளத்தில் அறிவிப்பாள்; எங்கள் எஸ்டேட் மலையாள நாட்டில்தானே இருக்கிறது. பத்து ரூபாய் போடுகிறவர்கள் எல்லாம் அன்று ஐம்பது போட்டார்கள். போட்டுவிட்டு வீட்டில் போய்ப் புலம்பினார்கள். செபாஸ்டினுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. ஞானஜோதி அன்று காய்ச்சல் என்று சொல்லி வரவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிறு அவள் காய்ச்சல் என்று சொல்ல முடியாது. அவள் மகள் நிமிக்கும் காந்தலூர் ஜிபினுக்கும் கல்யாணம் பேசியிருந்தது. கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு பூசையில் பொண்ணு மாப்பிள்ளை பேரைச் சொல்லி ஓலை வாசிப்பார்கள். முதல் ஓலை அன்றைக்கு. ஜிபினின் அம்மா ரோஸ்லி அதைக் கேட்பதற்கென்றே ஜீப் பிடித்து வருவதாகச் சொல்லியிருந்தார். பூண்டும் கோசும் விளைகிற சொந்த நிலம் உள்ளவர்கள். நகை, ரொக்கம் எதுவும் கேட்கவில்லை. சபையில் எங்களைத் தலைகுனிய வைக்காத குடும்பமாக இருந்தால் போதும் என்று மட்டும் சொல்லியிருந்தார். பவுனாகக் கேட்டிருந்தாலாவது எங்கேயாவது வட்டிக்கு வாங்கியிருக்கலாம்.

ஞானஜோதி அந்த வாரம் மருந்தில் ஒரு அட்டையைக் குறைத்து வாங்கினாள். மிச்சப்பட்ட ஐம்பது ரூபாயைக் கார்டிலேயே விட்டுவைத்தாள். மெஷினுக்குள் இருக்கிற அந்தப் பெண் ஒரு தடவை ஐம்பது என்று சொல்லிவிட்டால் போதும், ரோஸ்லி காதில் அது விழுந்துவிட்டால் நிமி தப்பித்துவிடுவாள் என்று கொழுந்து எடுக்கும்போதெல்லாம் இதே பேச்சு. அருள்குமாருக்கு ராத்திரி வலி தாங்காமல் போனதையும் அவள்தான் சொன்னாள். நான் செபாஸ்டினைத் திட்டினேன். வேறு என்ன செய்ய முடியும்?

பூசைக்கு ரோஸ்லி பட்டுப்புடவையில் வந்து ஞானஜோதிக்கும் நிமிக்கும் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் நேர் பின்னால் இருந்தேன். காணிக்கைப் பாட்டு தொடங்கியது. செபாஸ்டின் வந்து முதலில் விருந்தாளியிடம் மெஷினை நீட்டினார். ரோஸ்லி தொட்டதும், "அஞ்ஞூறு ரூபா லபிச்சு" என்றாள் உள்ளே இருக்கிறவள். முன் வரிசைகள் மரியாதையாகத் திரும்பிப் பார்த்தன.

ஞானஜோதி ஐம்பது என்று தெளிவாகச் சொல்லிக் கார்டை வைத்தாள். மெஷின் கீச்சென்றது. "பராஜயப்பெட்டு" என்றாள் அந்தப் பெண். தோற்றுப்போய்விட்டதாம். செபாஸ்டின் மறுபடி அடித்தார். ஞானஜோதி மறுபடி தொட்டாள். மறுபடியும் தோற்றுப்போனது.

என்ன நடந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. கார்டு வைத்திருப்பதற்கு வருஷக் கட்டணம் என்று சொல்லி, முந்தின நாள் பேங்க் அந்த ஐம்பதையும் எடுத்துக்கொண்டிருந்தது. இங்கிலீஷில் வந்த மெசேஜை விளம்பரம் என்று நினைத்து அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை. தொட்டால் போதும் என்றார்கள், தொடாமலேயே போய்விட்டது.

செபாஸ்டின் நகர்ந்து போயிருக்கலாம். காணிக்கைப் பாட்டு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது, யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அவர் நின்றார். பாட்டு முடிகிற வரைக்கும் காத்துக்கொண்டு நின்றார்.

"கார்டுல ஒண்ணுமில்லைனு சொல்லுது, ஞானஜோதி," என்றார் நிதானமாக. "இத்தன நாளு பையில நீ என்ன போட்டேங்கறது இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சுல்லா."

நிமி முந்தானையைக் கடித்துக்கொண்டாள். ரோஸ்லி நேராகப் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அந்த ஆளின் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும்போல இருந்தது. கல்யாணம் இத்தோடு போனது என்றே நினைத்தேன்.

ஞானஜோதி எழுந்து நின்றாள்.

"ஆமா அண்ணாச்சி, வெறுங்கையத்தான் விட்டேன். வீட்டுல படுத்துக் கெடக்கவரு எந்திச்சு நடக்கணும்னு வேண்டிக்கிட்டு விட்டேன்." அவர் நீட்டியிருந்த மெஷினை அவர் பக்கமே தள்ளினாள். "நீங்களும் வருசக்கணக்கா பை பிடிக்கீய. ஒங்க கை ஒரு நாளாவது அதுக்குள்ள போயிருக்கா? இப்ப நாங்க பாக்கத் தொடுங்க."

எங்கள் யாருக்கும் அதுவரை இது தோன்றியதே இல்லை. பை பிடிக்கிறவர் எல்லா பெஞ்சுக்கும் போவார், அவருக்கு முன்னால் யார் பையை நீட்டுவது? பாட்டுக்காரப் பெண்கள் அடுத்த பாட்டை எடுக்கவில்லை. சாமியார் பீடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், அவரும் பார்க்கத்தான் நினைத்தார் போலிருக்கிறது. செபாஸ்டின் சிரித்து மழுப்பப் பார்த்தார். கூடச் சிரிக்க ஆள் கிடைக்கவில்லை.

கடைசியில் போன் உறைக்குள்ளிருந்து கார்டை எடுத்தார். இடது உள்ளங்கையால் மெஷினின் முகத்தை மறைத்துக்கொண்டு கட்டைவிரலால் ஒரே ஒரு தட்டுத் தட்டினார். பிறகு பச்சைப் பொத்தானை அழுத்திக் கார்டைத் தொட்டார். அவசரத்தில் அதற்கு வாய் இருப்பது மறந்துவிட்டது.

"ஒரு ரூபா லபிச்சு" என்றாள் அந்தப் பெண். ஐந்நூறைச் சொன்ன அதே சந்தோஷத்தோடு சொன்னாள்.

முதலில் சிரித்தது ரோஸ்லி. கையால் வாயை மூடக்கூட இல்லை, பட்டுப்புடவை குலுங்கச் சிரித்தார். அதன் பிறகு எங்களை யார் அடக்குவது? ஆண்கள் பக்கத்திலிருந்துகூட சத்தம் வந்தது. செபாஸ்டின் சோதனைக்காக அடித்தது என்று என்னவோ சொல்லிக்கொண்டு மெஷினைக் கக்கத்தில் இடுக்கிப் பின்பக்கக் கதவு வழியாக வெளியேறினார். பின்னாலிருந்த நாலு பெஞ்சுக்கு அன்று காணிக்கையே இல்லை. எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் மனசு குளிர்கிறது.

ஞானஜோதி மட்டும் சிரிக்கவில்லை. உட்காரவும் தெரியாமல், ரோஸ்லி பக்கம் திரும்பவும் தைரியம் இல்லாமல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரோஸ்லி அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பு அடங்காத குரலில் கேட்டார்.

"சம்பந்திக்கு எந்த ஆஸ்பத்திரியில பாக்குறீய?"

ஞானஜோதி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நிமிதான் ஆஸ்பத்திரியின் பேரைச் சொன்னாள்.