மாடியில்லாத தெருக்கள்

கோடை விடுமுறை தொடங்கிய மறுநாள் காலையில் டீச்சரின் தம்பியைக் காணவில்லை. போர்வை மடித்தபடி இருந்தது, போன் மேசைமேல் கிடந்தது, செருப்பு மட்டும் இல்லை. கடைக்குப் போயிருப்பான் என்று மத்தியானம்வரை தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அப்பா அம்மா போன பிறகு அவளுக்கென்று இருந்தது அவன் ஒருவன்தான். சின்ன வயதிலேயே மளமளவென்று வளர்ந்து, தலையை முன்னால் நீட்டிக்கொண்டு நடப்பான் என்பதால் ஒட்டகம் என்று அவள் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. லிஃப்ட் மெக்கானிக். போன வருஷம் ஒரு பெரிய கட்டடத்தில் வேலை செய்தபோது, பக்கத்தில் நின்ற சிநேகிதன் கால் தவறி அவன் கண்ணெதிரிலேயே லிஃப்ட் குழிக்குள் விழுந்து செத்தான். அன்றோடு ஒட்டகத்துக்குத் தூக்கம் போயிற்று. அப்புறம் வேலை போயிற்று. அப்புறம் பேச்சும் போயிற்று. டீச்சர்தான் அவனைத் தன்னுடைய ஆறாம் மாடி வீட்டுக்கு அழைத்துவந்து, இருப்பதிலேயே பெரிய அறையை ஒழித்துக் கொடுத்து, டாக்டரிடம் காட்டி, வேளாவேளைக்கு மாத்திரை எடுத்து வைத்தாள். மாத்திரைகளெல்லாம் அவன் தலையணை உறைக்குள் இருந்ததை இப்போதுதான் பார்த்தாள்.

போலீஸ் ஸ்டேஷனில் இருந்தவர், வளர்ந்த ஆம்பிளைதானே, வீட்டில் ஏதாவது சண்டையா என்று கேட்டார். ஆஸ்பத்திரிகளில் வார்டு வார்டாகப் பார்த்தாள். பிணவறையில் ஒருவர் துணியை விலக்கிக் காட்ட, இவன் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள். இவன் இல்லை என்றதும் வந்த நிம்மதியைவிட, அங்கே படுத்திருந்தவனுக்கும் ஒரு அக்கா இருப்பாளே என்ற நினைப்புதான் அவளை அதிகம் உலுக்கியது.

இத்தனை வருஷமாக அந்த நகரத்தில் இருந்தும் அவளுக்குத் தெரிந்தது வீடு, பள்ளிக்கூடம், இரண்டுக்கும் நடுவே ஓடும் பஸ், அவ்வளவுதான். மற்றதெல்லாம் புழுதி, இரைச்சல், கூட்டம். இப்போது வேறு வழியில்லை. கையில் தண்ணீர் பாட்டில், போனில் அவன் படம். விடிந்தால் கிளம்புவாள், வருகிற பஸ்ஸில் ஏறுவாள். முதலில் உயரமான கட்டடங்கள் இருக்கும் பக்கமாகத் தேடினாள். தெரிந்த தொழிலைத் தேடித்தான் போவான் என்று நினைத்தாள். வாட்ச்மேன்கள் படத்தைச் சரியாகக்கூடப் பார்க்காமல் உதட்டைப் பிதுக்கினார்கள். ஒரு கட்டடத்தில்தான் அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரி கிடைத்தார். கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்ல அவன் ரூம் எந்தப் பக்கம்?"

"லிஃப்டை ஒட்டின பக்கம். ஏன்?"

அவர் துணியைக் கீழே போட்டார். "கயிறு ஓடுற சத்தம் நமக்கெல்லாம் கேக்காது. அவனுக்குக் கேட்டிருக்கும். லிஃப்ட் இருக்கிற இடத்துல அவனைத் தேடாதீங்க."

அன்று வீட்டுக்கு வந்ததும் அவன் கட்டிலில் உட்கார்ந்து சுவரில் காதை வைத்தாள். யாரோ மேலே போனார்கள். சர்ரென்று ஒரு இழுப்பு, பிறகு அடிவயிற்றில் இடிப்பதுபோல ஒரு சத்தம். மறுபடி இழுப்பு, மறுபடி இடி. ஏண்டா தூங்க மாட்டேங்கிறாய் என்று அவள் கேட்டபோதெல்லாம் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருந்தான். பெரிய அறையைக் கொடுத்ததில் அவளுக்கு இருந்த பெருமையைக் கெடுக்க அவனுக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. டீச்சர் தலையிலடித்துக்கொண்டு அழுதாள்.

அதற்குப் பிறகு மாடியில்லாத தெருக்களாகப் பார்த்துத் தேடினாள். நகரத்தில் அப்படி இத்தனை தெருக்கள் இருக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. வாய்க்கால் ஓரத்தில் ஒரு பேட்டை, அங்கே தெரு முழுக்க நாற்காலி பின்னுகிறவர்கள். பேசிக்கொண்டே இருப்பார்கள், விரல்கள் தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ரயில் பாதைக்குப் பின்னால் இன்னொன்று, வீட்டுக்கு வீடு வாசலில் தையல் மிஷின். பஸ் டிப்போவை ஒட்டிய சந்தில் ஒரு இஸ்திரிக்காரரும் அவர் மனைவியும் நாள் தவறாமல் வாய்ச்சண்டை போட்டார்கள். சண்டை கேட்கவே வாடிக்கையாளர்கள் துணி வாங்கிய பிறகும் கொஞ்சம் நின்றுவிட்டுப் போவார்கள். முதல் நாள் முறைத்தவர்கள் நாலாம் தடவை ஸ்டூலை இழுத்துப் போட்டார்கள். இஸ்திரிக்காரர் மனைவி, "தம்பி கிடைச்சாரா" என்று கேட்பதற்கு முன்னால் "சாப்டியா" என்று கேட்டாள்.

ஒருநாள் நாற்காலிப் பேட்டையில் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரைக்கடியில் எல்லோரும் ஒண்டினார்கள். யாரோ ஒருத்தி, நனைந்த கோழி கழுத்தை நீட்டிக்கொண்டு நடப்பதைச் செய்து காட்ட, டீச்சர் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சிரித்த அடுத்த கணம் வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பி எங்கே கிடக்கிறானோ, நான் இங்கே ஊர் சுற்றிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேனே என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது. அப்போதுதான் அவளுக்கு இன்னொன்றும் புரிந்தது. காலையில் எழுந்ததும் எந்தப் பேட்டைக்குப் போகலாம் என்று மனம் ஆசைப்பட ஆரம்பித்திருந்தது. அந்த ஆசை அவளைப் பயமுறுத்தியது. இரண்டு நாள் வெளியே போகாமல் கிடந்தாள். வீட்டுக்குள் இருக்கவும் முடியவில்லை. அந்த லிஃப்ட் சத்தம் இப்போது அவளுக்கும் விடாமல் கேட்டது.

விடுமுறை முடியப்போகிற சமயத்தில் இஸ்திரிக்காரர் மனைவி போன் செய்தாள். இடித்த கட்டடங்களின் கதவு ஜன்னல்களை வாங்கி விற்கும் கிடங்கில், உயரமாக ஒரு ஆள் கீல் கழற்றிக்கொண்டிருக்கிறான், வந்து பார் என்றாள். டீச்சர் விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள்.

அவன்தான். சாத்திவைத்த கதவுகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தான். பாதி ஆளாகியிருந்தான், தாடி வேறு. பக்குவமாகப் பேச வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவள், பார்த்ததும் பாய்ந்து கையைப் பிடித்தாள்.

"எந்திரிடா. வீட்டுக்குப் போலாம். இப்பவே."

"வேணாங்க்கா."

"என்ன வேணாம்? உன்னைத் தேடி நான் நாயா அலைஞ்சிருக்கேன். எந்திரி."

இழுத்தாள். அவன் முகத்தில் ரத்தமே இல்லாமல் போயிற்று. கையை உதறிக்கொண்டு எழுந்தான். சாத்தியிருந்த கதவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. புழுதி அடங்கியபோது ஆளைக் காணோம்.

கிடங்குக்காரி சத்தம் போடவில்லை. தானாக வந்து சேர்ந்தவன், ஒருமாதிரி இப்போதுதான் தூங்க ஆரம்பித்திருந்தான் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவுகளை நிமிர்த்தினாள். அது டீச்சரைக் கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. கிடைத்தவனைத் தானே துரத்திவிட்டோம் என்று அந்தப் புழுதியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இந்த முறை அவள் தனியாகத் தேடவில்லை. இஸ்திரிக்காரர் கடையை மூடிவிட்டு சைக்கிளை எடுத்தார். நாற்காலிப் பேட்டைக்காரர்கள் வாய்க்கால் கரை நெடுகத் தேடினார்கள். தையல் தெருவிலிருந்து பெண்கள் ரயில் பாதை ஓரமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஒருவர் கண்ணிலும் அவன் படவில்லை. வாய்க்காலில் ஒரு செருப்பு மிதக்கிறது என்று தகவல் வந்தபோது டீச்சர் வாய்க்கால் பக்கம் ஓடினாள். அது ஏதோ பெண்பிள்ளையின் செருப்பு என்று தெரியும்வரை அவள் மூச்சு விட்டாளா என்பதே சந்தேகம்.

எங்கேயும் போகாதே, இங்கேயே இரு, அவனுக்குப் போக வேறு இடமில்லை என்றாள் கிடங்குக்காரி. டீச்சர் இருந்தாள். சும்மா உட்கார முடியாமல் அவன் விட்டுப்போன கீல்களைக் கழற்ற முயன்றாள். மூன்றாம் நாள் சாயங்காலம் கிடங்கின் பின்பக்கமாக அவன் வந்து நின்றான். டீச்சர் எழுந்திருக்கவில்லை. கைகள் இரண்டையும் மடிக்குள் அழுத்திக்கொண்டாள்.

"அந்தச் சத்தம் எனக்கும் கேட்டுச்சுடா," என்றாள். "தெரியாம அங்க படுக்க வச்சுட்டேன்."

அவன் உள்ளே வந்தான். பிறகு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, அழ ஆரம்பித்தான். சிநேகிதன் செத்ததிலிருந்து அவன் அழுது அவள் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடம் திறப்பதற்குள் கிடங்குத் தெருவிலேயே தரையோடு தரையாக ஒரு வீடு பிடித்தாள். மழை பெய்தால் வாசலில் தண்ணீர் நிற்கும், பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அவனுக்கு முழுதாகக் குணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சில நாள் மாத்திரை போட்டுக்கொள்கிறான், சில நாள் மாட்டேன் என்கிறான். சில நாள் சொல்லாமல் கிளம்பிப் போய்விடுகிறான்; அப்போதெல்லாம் அவளுக்கு உயிர் போய் உயிர் வருகிறது. ஆனால் முன்போல அவள் தெருத்தெருவாக ஓடுவதில்லை. யாராவது ஒருவர் போன் செய்து, இங்கேதான் இருக்கிறான், சாப்பிட்டான், மெதுவாக வா என்று சொல்லிவிடுகிறார்கள்.