பாறைக்கு அந்தப் பக்கம்

நாவலாசிரியைக்கு அந்த அத்தியாயத்தின் மேல் கொள்ளைப் பிரியம். பழங்காலத்தில் மலையைக் குடைந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்த கதை அது. இரண்டு பக்கமிருந்தும் ஆட்கள் வெட்டிக்கொண்டு வர, நடுவில் மிஞ்சிய கடைசிப் பாறையை அரசனே வந்து உடைப்பதாக எழுதியிருந்தாள். ஆனாலும் சுரங்கத்தைக் கண்ணால் பார்க்காமல் அச்சுக்கு அனுப்ப மனம் ஒப்பவில்லை. துணைக்கு அக்காவை இழுத்துக்கொண்டு போனாள்.

நீர்வாரியப் பொறியாளர் இரும்புக் கதவைத் திறந்து, டார்ச்சோடு முன்னால் நடந்தார். தண்ணீர் ஓடி எத்தனையோ தலைமுறையாகிவிட்ட சுரங்கம். குனிந்துதான் போக முடிந்தது.

"உன் ராஜா கிரீடத்தோட இதுக்குள்ள வந்தாராக்கும்?" என்றாள் அக்கா. "தலை தட்டியிருக்குமேடி."

தங்கை சிரித்தாள். ஆனால் கண்ணைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை. உளித் தழும்புகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. நடுவழியில் சுரங்கம் சட்டென்று வளைந்தது. வளைவுக்கு அப்பால் தழும்புகள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. வளைவின் ஓரத்தில், நேராகக் கொஞ்ச தூரம் வெட்டிப் பாதியில் விட்ட ஒரு குருட்டுப் பொந்து.

"ஏன் சார் இப்படித் திரும்பினாங்க?"

"எதிர்ல வெட்டுற சத்தம் கேட்டிருக்கும்னு சொல்றாங்கம்மா. நிச்சயமாத் தெரியாது."

"அக்கா, நீ சாரோட வளைவுக்கு அந்தப் பக்கம் போய்க் கல்லால சுவரைத் தட்டேன்."

"இந்த வயசுல எனக்கு இது வேற," என்று முணுமுணுத்துக்கொண்டே அக்கா போனாள்.

தங்கை பொந்துக்குள் புகுந்து, தன் டார்ச்சை அணைத்து, எதிரே இருந்த பாறையில் காதை வைத்தாள். மெல்லிய தட்டல். காதை இடப்பக்கம் நகர்த்தினாள், சத்தம் மங்கியது. வலப்பக்கம் நகர்த்தினாள், கன்னத்து எலும்பே அதிர்ந்தது. வளைவை வெட்டியிருந்ததும் அந்தப் பக்கம்தான். யாரோ ஒருவன் இதே இடத்தில், இதே மாதிரி கன்னத்தை வைத்திருக்கிறான்.

ஒரு கல்லை எடுத்துத் தட்டினாள். எதிர்ச் சத்தம் நின்றது. கொஞ்சம் பொறுத்து, பதில் வந்தது.

வெளியே வந்தபின் அக்கா கேலி எதுவும் பேசவில்லை. "நீதான் தட்டுறன்னு தெரியும். இருந்தாலும் உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சுடி," என்றாள்.

தங்கை அந்த அத்தியாயத்தை முழுசாகத் தூக்கிப் போட்டாள். புதியதில் அரசன் இல்லை. இருட்டில் ஒருவன் பாறையிலிருந்து காதை எடுக்கிறான். பின்னால் நிற்பவன், "என்னப்பா ஆச்சு?" என்று கேட்கிறான். இவன் அவன் தலையைப் பிடித்து, காதை மெதுவாகப் பாறையோடு சேர்த்து வைக்கிறான்.