ஜெயபிரகாஷின் உச்ச ஸ்வரங்கள்

அல்போன்சாவுக்கு ஜெயபிரகாஷைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். அதை அவள் மறைத்ததும் இல்லை. கலிஃபோர்னியாவில், லிவர்மோரில் ஒரு ஒயின் பாரின் பின்முற்றத்தில், ஞாயிறு மதியங்களில், கொள்ளுத்தாத்தா காலத்து ஸ்விங் ஜாஸ் பாட்டுகளை வாசிக்கும் ஆறு பேர் குழுவில் தமிழர்கள் இவர்கள் இரண்டே பேர். அவன் டிரம்பெட், குழுத் தலைவன். அவள் கிளாரினெட். வாரமெல்லாம் ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து கொடுக்கிறவள், அந்த ஒரு மதியத்துக்காகத்தான் மற்ற நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அந்த இடத்துக்குத்தான் வேட்டு வைத்தான். இடைவேளையில், பார்க்கிங் லாட்டில்.

"அல்போன்சா, அடுத்த வாரத்துலேந்து க்ரிஷ் வரான். சாக்ஸபோன். இன்னைக்கு உங்க லாஸ்ட் ஷோ."

"எதுக்கு?"

"ட்ரெடிஷனல் ஸ்டைல்னா டிரம்பெட் மெலடி வாசிக்கும், கிளாரினெட் அதைச் சுத்தி டெக்கரேட் பண்ணும். நீங்க என் மெலடி மேலயே ஏறி உக்காந்துக்கறீங்க. ரெண்டு வருஷமா டாலரேட் பண்ணிட்டேன்."

டாலரேட்டாம்! அவளுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இரண்டு வருடமாக டிரம்பெட்டை அழுத்தி ஊத அவன் உதட்டில் பலமில்லை. கீழே கணீரென்று வாசிப்பான். பாட்டு மேலே ஏறினால் காற்றுதான் வரும். அந்த இடங்களில் எல்லாம் மெலடியை அவள் எடுத்து வாசித்து ஓட்டையை அடைத்தாள். ஜனங்கள் கைதட்டிய உச்ச ஸ்வரங்கள் அத்தனையும் அவளுடையவை. பாவம், மனுஷனுக்கே தெரியாது, தெரிந்தால் இடிந்துபோவான் என்று வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு நல்ல மரியாதை.

"சரி. டெக்கரேட் பண்றேன்," என்றாள்.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் அவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, அல்போன்சா நம்மை விட்டுப் போகிறாள் என்று ஆங்கிலத்தில் குழைந்தான். இவளாகவே போகிறாளாம்!

பாட்டு தொடங்கியது. ஜோடிகள் ஆட வந்தார்கள். கடைசிச் சுற்றில் மெலடி படிப்படியாக மேலே ஏறும். அல்போன்சா ஏறவில்லை. அவன் சொன்னபடியே அவனைச் சுற்றிக் குட்டிக் குட்டி அலங்காரங்களாக அடுக்கினாள். அவ்வளவு அழகாக அவள் என்றுமே வாசித்ததில்லை. டிரம்பெட் துணி கிழிகிற மாதிரி ஒலித்தது. ஆடிக்கொண்டிருந்த ஒரு பெண் நின்று திரும்பிப் பார்த்தாள்.

ஜெயபிரகாஷ் டிரம்பெட்டை இறக்கி, மூச்சு வாங்க, அவளுக்கு மட்டும் புரியும்படி தமிழில் சொன்னான்.

"மேல வாங்க அல்போன்சா. ப்ளீஸ். எப்பவும் போல மேல வாங்க."

எப்பவும் போல.

அப்படியென்றால் தெரிந்திருக்கிறது. இரண்டு வருடமும் தெரிந்தேதான் இவள் ஸ்வரத்துக்குக் குனிந்து வணங்கிக் கைதட்டல் வாங்கியிருக்கிறான். தெரியாதவனாயிற்றே என்று அவள் வைத்திருந்த கொஞ்சநஞ்ச இரக்கமும் அதோடு போயிற்று.

அவள் இன்னும் கீழே இறங்கினாள். முடிவில் மற்றவர்கள் எல்லோரும் நிறுத்தி, டிரம்பெட்டுக்கு ஓர் உச்ச ஸ்வரத்தை விட்டுக்கொடுப்பது வழக்கம். விட்டுக்கொடுத்தார்கள். அவன் கன்னம் உப்ப ஊதினான். வெறும் காற்று வந்தது. முற்றம் முழுக்க அது கேட்டது.

டிரம்ஸ் வாசிக்கும் டக் என்கிற கிழவர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு அல்போன்சாவிடம் வந்தார். இத்தனை நாளும் மேலே வாசித்தது நீயா, நிஜமாகவே நீயாகத்தான் போகிறாயா என்று ஆங்கிலத்தில் கேட்டார். குழுவே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் கிளாரினெட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். ஜெயபிரகாஷ் பக்கம் முகத்தைத் திருப்பி, "அவரையே கேளுங்கள்," என்றாள்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.