ஏழு தட்டுக் கோதுமைப்புல்

1

“அப்பா, நாளையிலேர்ந்து உங்க புல்லை நீங்களே வெட்டிக்குங்க.”

இந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் இதைக் கேட்கவே கூடாது என்று சொல்லி வளர்த்தார்கள். “என்ன வேணா கேளு, அப்பாவை ஒரு வேலை செய்யச் சொல்லி மட்டும் கேட்டுடாதே” என்பாள் அம்மா. நான் கேட்கவில்லை. கதையில் ஒருத்தியை உருவாக்கி, அவள் கேட்கட்டும் என்று தள்ளிவிடுகிறேன். கோழைத்தனம்தான். தெரிந்தே செய்கிறேன்.

2

முதல் தொடக்கம்: (இளவெயிலில் பச்சைப்பசேலென்று நிமிர்ந்து நின்றது கோதுமைப்புல், அவள் மனத்தைப் போலவே அதுவும்—)

அடித்துவிட்டேன். அவள் மனம் அப்படியெல்லாம் நிமிர்ந்து நிற்கவில்லை. கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்து விரல்தான் காய்த்துப்போயிருந்தது.

இரண்டாவது தொடக்கத்தில் அப்பாவுக்குப் பெரிய வியாதி கொடுத்தேன். நான்கு பக்கம் ஓடியது. வியாதி முற்ற முற்ற அவள் வாய் அடைத்துக்கொண்டே வந்தது. படுத்த படுக்கையாய்க் கிடப்பவரிடம் எந்தப் பெண் போய் இதைக் கேட்பாள்? கிழித்துப் போட்டேன். உண்மையில் அவருக்குச் சர்க்கரை கொஞ்சம் அதிகம், அவ்வளவே. மாத்திரை போடுகிறார், தினமும் நாலு கிலோமீட்டர் நடக்கிறார், ஆள் குத்துக்கல் மாதிரி இருக்கிறார்.

3

உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். ஜன்னலோரம் ஏழு தட்டுகள். ஒரு நாளைக்கு ஒன்று. ஒன்றை வெட்டும் அன்றே அடுத்த பிடி கோதுமையை ஊறப்போட வேண்டும். முளைகட்டி, மண்ணில் பரப்பி, மூடிவைத்து, இரண்டு வேளையும் தண்ணீர் தெளித்து, முக்கால் சாண் வளர்ந்ததும் வெட்டி, அரைத்து, பிழிந்தால் அப்பாவின் சர்க்கரைக்கு மருந்தாக ஒரு டம்ளர் சாறு. இந்தச் சக்கரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அவள் அந்த வீட்டின் முதல் பட்டதாரி. பரீட்சை நாளிலும் வெட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

“தாவரவியல் படிச்சது வீண் போகல பாரு” என்று அப்பா டம்ளரை நீட்டுவார்.

குடித்துவிட்டு மாடிப்படியில் பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்துக்கொள்வார். “எல்லாம் புல்லோட மகிமைங்க. நாம வீட்டுலேயே வளர்க்கிறோம்ல.”*

* அந்த ‘நாம’வில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். ஒரே ஓர் ஆள்.

4

விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்காக வெளியூரில் நேர்காணல். இரண்டு நாள் போய்வந்தாள். வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்குள் நுழைந்தால், அப்போதுதான் முளைவிட்ட மூன்று தட்டுப் பயிரும் குப்பைக்கூடையில் கிடக்கிறது.

“நீ இல்லாம பூஞ்சை பிடிச்சுப்போச்சு” என்றார் அப்பா. “வெள்ளையா, பஞ்சு மாதிரி.”

அவள் ஒரு கட்டியை எடுத்துத் தண்ணீர் தெளித்தாள். வெள்ளை படிந்து காணாமல் போனது.

“இது வேரோட தூவிப்பா, மெல்லிசு முடி மாதிரி. காய்ஞ்சா இப்படித்தான் சிலிர்த்துக்கிட்டு நிக்கும். தண்ணி பட்டா படிஞ்சிரும். பூஞ்சை இப்படிப் படியாது. நீங்க தெளிக்கல, அவ்வளவுதான்.”

தையல் மிஷினை நிறுத்தாமலேயே அம்மா சொன்னாள்: “அதைத்தான்டி நானும் சொல்றேன். ரெண்டு நாளைக்கே இந்தக் கதின்னா, நீ ஒரேயடியா போயிட்டா அவர் உடம்பு என்னத்துக்கு ஆகும்? அந்த வேலை நமக்கு வேணாம். இங்கேயே ஏதாவது அகப்படும்.”

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து நடந்தேன். நல்ல பயிரைத் தூக்கிக் கொட்டியவர் அவர். வேலையை விட வேண்டியவள் இவள். இது எந்த ஊர் நியாயம்?

5

இதுவரை படித்த சிநேகிதி, “அப்பாவைக் கொடுமைக்காரராக்கிட்டியே” என்றாள். இல்லவே இல்லை. அவளுடைய கல்லூரி விண்ணப்பத்துக்கு எண்ணெய்க்கறை படிந்த வேலை உடுப்போடு அரைநாள் வரிசையில் நின்றவர் அவர். ஆலையில் முப்பது வருஷம் கொதிகலன் பார்த்தவர். என் வயிற்றெரிச்சலே அதுதான். ஒன்றைக் கவனித்துக்கொள்ளத் தெரியாதவர் என்றால் மன்னித்திருப்பேன்.

“நாளையிலேர்ந்து உங்க புல்லை நீங்களே வெட்டிக்குங்க.”

“எனக்கென்னம்மா தெரியும் அதெல்லாம்?”

“முப்பது வருஷம் அந்தக் கொதிகலனோட முள்ளு சிவப்புக் கோட்டைத் தாண்டாம பார்த்துக்கிட்டீங்க. இது புல்லுப்பா. வெடிக்காது.”

“யார்கிட்ட பேசுறோம்னு தெரிஞ்சுதான் பேசுறியா?”

“தெரியும். டம்ளரை நீட்டுறவர்கிட்ட.”

மிஷின் நின்றது. அம்மா அவளைப் பார்க்காமல் ஊசியையே பார்த்தாள்.

6

முடிவு ஒன்று: அப்பா கண்கலங்கிக் கத்தரிக்கோலை வாங்கிக்கொள்கிறார். (எல்லோரும் கைதட்டுவார்கள். எழுத மாட்டேன்.)

முடிவு இரண்டு: திங்கட்கிழமை. அப்பாவுக்குத் தலை சுற்றுகிறது. அவள் பெட்டியைக் கீழே வைத்து—

வைக்கவில்லை. நான் எழுதிப் பார்த்தேன், அவள் வைக்கவில்லை. நேர்காணல் முடிந்த அன்றே அந்த மேஜையிலேயே சம்மதக் கையெழுத்தைப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறாள். இங்கே நடந்த பேச்செல்லாம் அனுமதிக்காக இல்லை. இதை அவள் என்னிடம்கூடச் சொல்லவில்லை.

“லீவுக்கு எப்படி வருவே?” என்றாள் அம்மா வாசலில்.

“பஸ்ல” என்றாள்.

இனி அவருக்கு யார் புல் வளர்ப்பது என்று என்னைக் கேட்காதீர்கள். அவ்வளவு கவலையாக இருந்தால் நீங்கள் போய்த் தண்ணீர் தெளியுங்கள், கதவு திறந்துதான் இருக்கிறது. அவள் தெருமுனை திரும்பிவிட்டாள்.