வெறும் அறையின் ஒரு நிமிடம்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மைக்கின் முன்னால், கையில் கிட்டாரோடு, வாயை இறுக மூடிக்கொண்டு நின்றார் கோஜோ அன்சா. இந்தப் பக்கம் ஒலிப்பதிவுக்காரி பரீதா கடிகாரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்ததும் யாரும் அசையாமல் ஒரு நிமிடம் வெறும் அறையைப் பதிவு செய்வது ஒலிப்பதிவுக்காரர்களின் வழக்கம். அந்த நிமிடத்தில் விழுகிற இரைச்சல், அது யாங்கோனின் கியாக்டடா பேட்டையில் ஓடும் பஸ்களின் உறுமலோ மின்விசிறியின் முனகலோ, எதுவானாலும் கணினிக்குக் காட்டிவிட்டால் போதும். பாட்டுக்குள் புகுந்து அதே சத்தத்தைத் தேடித் தேடித் துடைத்துவிடும்.

அன்சாவுக்கு வயது எழுபத்தொன்று. கானாவில் தக்கோராடித் துறைமுகத்தில் மீன்கூடை சுமந்தவர். சர்ச்சில் பாடி, கல்யாண வீடுகளில் பாடி, இருபது இசைத்தட்டு வரைக்கும் போனார். பிறகு தன் வீட்டுக் கார் கொட்டகையையே ஸ்டூடியோவாக்கி, பேர் தெரியாத பாடகர்கள் நாற்பது பேரின் குரலைத் தட்டில் ஏற்றி உலகத்துக்கு அனுப்பினார். வியாழக்கிழமை பாங்காக்கில் அவருடைய குரல்வளையை எடுத்துவிடப் போகிறார்கள். அதற்கு முன்னால் கடைசியாக ஒரு பாட்டு. அதை யாங்கோனில்தான் பாட வேண்டும் என்று வந்திருக்கிறார், பாவம். உலகப்போருக்கு பர்மா வந்த தாத்தா திரும்பவே இல்லை. தவுக்யான் போர் மயானத்துத் தூணில் பெயர் மட்டும் நிற்கிறது. ‘உன் தொண்டையில இருக்கிறது அவர் குரல்’ என்று சொல்லிச் சொல்லியே அம்மா வளர்த்தாளாம்.

கீழே தேநீர்க்கடை வைத்திருக்கும் பரீதாவின் அக்காள் மைமூன் தட்டோடு மேலே வந்தாள்.

“இவரு பாடினதக் கேட்டு சைக்கா ரிக்சாக்காரன் சவாரிய நடுரோட்ல விட்டுட்டு நிக்கிறான்டி. ஒம் புருசன் பாடினா நாய்தான் நிக்கும்.”

“லாத்தா, சும்மா இருங்க. ஒரு மணிக்குக் கரண்ட் போயிரும்.”

அந்த அவசரத்தில்தான் தப்பு நடந்தது. எப்போதும் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டுத்தான் துடைப்பாள். இன்று மூலத்திலேயே துடைத்து, சேமித்து, மூடியும்விட்டாள். அவரை உள்ளே கூப்பிட்டுப் போட்டுக் காட்டினாள்.

கிட்டார் இருந்தது. நரம்பில் விரல் உரசுவதுகூட இருந்தது. குரல் இல்லை. முதலிலிருந்து கடைசிவரை, இருந்த தடமே இல்லை.

பரீதா நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள். அறையின் அந்த ஒரு நிமிடத்தைத் தேடி ஓடவிட்டாள். பஸ். மின்விசிறி. அவற்றுக்கு அடியில் ஓர் ஆண் பாடிக்கொண்டிருந்தான். அன்சாவின் அதே குரல். ஆனால் அவரைவிட நிதானமாக, கொஞ்சம் தள்ளி, மைக் என்ற ஒன்றைக் கண்டே இராத ஒருவன் வேலை செய்துகொண்டே பாடுவதைப்போல.

“யா அல்லா! அணைச்சுப் போடு புள்ளே.” மைமூன் தட்டைத் தரையில் வைத்துவிட்டாள்.

அன்சா அணைக்க விடவில்லை. அரைகுறை ஆங்கிலத்தில்தான் அவரும் பரீதாவும் பேசிக்கொள்வார்கள். மெல்லக் கேட்டார்: “அப்ப என் வாய் மூடித்தானே இருந்துச்சு?”

“மூடித்தான் இருந்துச்சு. நான்தான் பாத்துக்கிட்டு இருந்தேனே.” அவள் எழுந்து நின்றாள். “ஒங்க பாட்ட நானே அழிச்சிட்டேன் ஐயா. அந்த நிமிசத்துல பாடினவரும் நீங்களும் வேறன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியல.”

அவர் கோபப்படவில்லை. கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். “இன்னும் ஒரு தடவைக்குத் தாங்கும்.”

“இந்தத் தடவ எதையும் தொடைக்க மாட்டேன்.”

ஒரு மணிக்குச் சொல்லி வைத்ததுபோல் மின்சாரம் போயிற்று. மின்விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. மைக்கும் கணினியும் பேட்டரியில் ஓடின; திரை மட்டும் வெளிச்சமாக இருந்தது. அன்சா மறுபடியும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனார். மைக்கின் நேர் எதிரே நிற்கவில்லை. அரையடி விலகி, பக்கத்தில் இன்னோர் ஆள் தோளோடு தோள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு நின்றார். மூச்சை ஆழமாக இழுத்துக்கொண்டு பரீதாவைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவர் இன்னும் உதட்டைப் பிரிக்கவில்லை. திரையில் ஒலியைக் காட்டும் பச்சைக்கோடு மெதுவாக எழுந்து, ஆடத் தொடங்கியது.